புதுப் பங்கில் முதல் வருடம்: வன்னிக்கு வந்திருப்பவர்களுக்கு

எங்கள் பங்கில், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் இருக்கிற கத்தோலிக்கக் கோயில் சமூகத்தில், புதிதாக வந்து குடியேறுகிற குடும்பங்களைப் போய்ப் பார்த்துக் கதைக்கிற பொறுப்பு சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. வருகிறவர்கள் பல விதம். நியமனம் கிடைத்து வந்த ஆசிரியர், இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பிள்ளை, தமிழ்நாட்டு முகாமில் இருபது முப்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பம், கணவர் இல்லாமல் பிள்ளைகளோடு அண்ணன் வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருக்க வந்த அக்கா. படலையடியில் நின்று பேர் சொல்லி, உள்ளே போய் இருந்து, தேத்தண்ணி குடித்து முடிகிற நேரத்தில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: "அக்கா, இந்த இடத்தில நாங்கள் காலூன்றலாமோ?"

பூசை எத்தனை மணிக்கு, பிள்ளையை மறைக்கல்விக்கு எங்கே சேர்க்கிறது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் அடக்கம். ஆனால் கேட்கிறவரின் முகத்தைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். இவ்வளவு நடந்த பிறகு, இவ்வளவு தூரம் வந்த பிறகு, கடவுள் எங்களோடு இங்கேயும் வந்திருக்கிறாரா? இந்த இரண்டையும் பிரித்துப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் இரண்டாவது கேள்விக்கான பதில், முதல் கேள்வியில் இருக்கிற சின்னச் சின்ன அலுவல்களின் வழியாகத்தான் வந்தது.

நாங்கள் 2010இல், சண்டை முடிந்தபின் எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறினோம். தறப்பாள் கொட்டில், மூன்று பானை, ஒரு பாய். மூன்று மாதம் நான் கோயில் பக்கம் போகவில்லை. உடுக்க நல்ல உடுப்பு இல்லை என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் கடவுளோடு எனக்குக் கோபம். ஒரு ஞாயிறு காலை, பாலை மரத்தில் கட்டியிருந்த இரும்புத் துண்டை யாரோ அடிக்கிற சத்தம் கேட்டது. மணி போன கோயிலுக்கு அதுதான் மணி. ஏனென்று தெரியாது, எழும்பிப் போனேன். கூரை இல்லாத கோயிலுக்குள் பாய் விரித்திருந்தது. ஒரு வயதான அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் அரக்கி இருந்து எனக்கு இடம் விட்டார். பூசை முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "அரிசி கிடக்கோ பிள்ளை?" என்று கேட்டார். யாரை இழந்தாய், எங்கே இருந்து வந்தாய் என்று எதுவும் கேட்கவில்லை. தன் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பால்மா ரின்னில் ஒரு சுண்டு அரிசி அளந்து, விரலால் மேலே மட்டம் தட்டி, சொப்பிங் பையில் போட்டுத் தந்தார். "இண்டைக்குக் காணும். நாளைக்கு நாளைக்குப் பாப்பம்."

அந்த அம்மா இப்போது இல்லை. ஆனால் புதிதாக ஓரிடத்தில் தொடங்குகிற ஒருவருக்குக் கடவுளை நம்புவது எப்படி என்று யாரும் கேட்டால், எனக்கு அந்த மட்டம் தட்டிய சுண்டுதான் ஞாபகத்துக்கு வரும். கீழே எழுதுவது கத்தோலிக்கப் பங்கில் நான் கண்டதை வைத்து. வேறு திருச்சபையில் இருப்பவர்கள் தங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

வந்த கிழமை

முதலில், உங்கள் பங்கு எது என்று விசாரியுங்கள். வன்னியில் இது நேரே பதில் கிடைக்கிற கேள்வி அல்ல. நான்கு மாவட்டங்களில் மன்னாரும் வவுனியாவும் 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தை, அதாவது மன்னார் ஆயரின் பொறுப்பில் இருக்கிற பகுதியை, சேர்ந்தவை. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டம். ஒரு பங்குக்குள்ளேயே பல கோயில்கள் இருக்கும், ஒன்றுக்கொன்று சில கிலோமீற்றர் தள்ளி. பங்குத்தந்தை ஒருவர்தான். ஆகவே உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கோயிலில் ஒவ்வொரு ஞாயிறும் பூசை இருக்கும் என்று நினைத்து வெளிக்கிட வேண்டாம். ஒரு கோயிலில் சனி பின்னேரம், இன்னொன்றில் ஞாயிறு காலை ஆறரை, மற்றதில் மாதத்துக்கு இரண்டு தரம் என்று ஒழுங்கு இருக்கும். சில ஞாயிறுகளில் பாதருக்குப் பதிலாகச் சிஸ்டரோ மறையாசிரியரோ இறைவார்த்தை வழிபாடு நடத்துவார். விதைப்புக் காலத்திலும் அறுவடையிலும் நேரம் மாறும். சந்தியில் இருக்கிற கடையில் கேட்டாலே சொல்வார்கள். கடைக்காரர் சைவராக இருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று. பங்கில் சேர யாரிடமும் அனுமதி எடுக்கத் தேவையில்லை. இருக்கிற எண்ணத்தோடு வந்து குடியேறினால், திருச்சபைச் சட்டப்படி அன்றிலிருந்தே நீங்கள் அந்தப் பங்கின் ஆள். மூன்று மாத வேலைக்கு வந்தவருக்கும் அந்த இடத்துப் பங்குத்தந்தைதான் பங்குத்தந்தை. பழைய பங்கிலிருந்து கடிதம் வரட்டும், அப்புறம் போவோம் என்று காத்திருந்து ஒரு வருடத்தைப் போக்கியவர்களை எனக்குத் தெரியும். கடிதம் பிறகு வரலாம். நீங்கள் போங்கள்.

இரண்டாவது அலுவல், வளவில் ஏதாவது நடுவது. வாடகை வீடாக இருந்தாலும் சரி. இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் விவிலியத்தில் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதில் 11ஆம் வசனத்தை, நல்ல எதிர்காலத்தை உங்களுக்குத் தருவேன் என்கிற அந்த வாக்குறுதியை, எத்தனையோ வீடுகளில் படமாக மாட்டியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அதற்கு மேலே 5ஆம் வசனத்தில் கடவுள் சொன்னது வீட்டைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதில் விளைவதைச் சாப்பிடுங்கள் என்று. பிறகு, அந்த ஊரின் நன்மைக்காக மன்றாடுங்கள் என்று. எழுபது வருடம் கழித்துத்தான் திரும்பலாம் என்றும் அதே கடிதம் சொல்கிறது. எழுபது வருடம் என்று தெரிந்த பிறகும் கத்தரி நடச் சொல்கிறவர் எங்கள் கடவுள். அயல் வீட்டில் ஒரு முருங்கைத் தடி கேளுங்கள். இல்லையென்று யாரும் சொல்லமாட்டார்கள். தடி கேட்கப் போகிற சாட்டில் அயலும் பழக்கமாகிவிடும்.

முதல் ஞாயிறு

கால் மணித்தியாலம் முந்திப் போங்கள். செருப்பை வெளியே கழற்றுகிறார்களா, ஆண்களும் பெண்களும் வேறு வேறு பக்கம் இருக்கிறார்களா, வாங்கா பாயா என்று பார்த்து அதன்படி செய்யுங்கள். சொற்களும் கொஞ்சம் மாறும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் திருப்பலி என்பார்கள், இங்கே வாயில் வருவது பூசை. வீட்டை மந்திரிக்க வேணும் என்றால் பாதர் வந்து வீட்டை ஆசீர்வதிக்க வேண்டும் என்று அர்த்தம். பாட்டுகளின் மெட்டும் சில இடத்தில் வேறாக இருக்கும். இரண்டு ஞாயிறில் பிடிபட்டுவிடும்.

பூசை முடிந்தவுடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். முதல் மாதம் முழுக்க இதை ஒரு விரதம் போலக் கடைப்பிடியுங்கள். கோயில் வாசலில் பத்து நிமிடம் நிற்பது. கூச்சமாகத்தான் இருக்கும். எல்லோரும் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருக்க நீங்கள் தனியே நிற்பதுபோல இருக்கும். பாதர் வெளியே வந்ததும் போய், பேர், எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர் என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். அவரைச் சுற்றி ஆட்கள் நின்றால் சிஸ்டரிடம் சொல்லலாம், அல்லது மணி அடித்து விளக்கு ஏற்றுகிற ஐயாவிடம். உண்மையைச் சொன்னால், ஒரு கோயிலில் எல்லாம் தெரிந்தவர் அவர்தான். பாதர்மார் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவார்கள். அந்த ஐயா முப்பது வருடமாக அங்கேதான் இருப்பார். பங்கின் வட்ஸ்அப் குழுவில் உங்கள் இலக்கத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். பூசை நேரம் மாறினால் அதில்தான் போடுவார்கள்.

முதல் மாதத்துக்குள் பத்திரங்கள்

கிராம அலுவலரிடம் பதிவது வேறு, பங்கில் பதிவது வேறு. பங்கில் குடும்பப் பதிவுக்கு ஞானஸ்நானப் பத்திரங்களும், திருமணமானவர்களுக்குத் திருமணப் பத்திரமும் கேட்பார்கள். பிள்ளைக்கு முதல்நன்மை, உறுதிப்பூசுதல், அல்லது வீட்டில் ஒரு கலியாணம் வரப்போகிறதென்றால் இதைப் பின்போடவே வேண்டாம். கலியாணத்துக்குப் பழைய ஞானஸ்நானப் பத்திரம் உதவாது, புதிதாக எடுத்ததுதான் வேணும் என்று சொல்லும்போது பலருக்குக் கோபம் வரும். காரணம் இருக்கிறது. நீங்கள் பிற்பாடு எங்கே உறுதிப்பூசுதல் பெற்றாலும், எங்கே திருமணம் செய்தாலும், அது நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் புத்தகத்தில் உங்கள் பேருக்குப் பக்கத்தில் குறிக்கப்படும். புதிய பிரதியில்தான் அந்தக் குறிப்புகள் எல்லாம் வரும். ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் அவர் ஞானஸ்நானம் பெற்ற அந்த ஒரு வரியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று நினைக்க எனக்கு நல்லாயிருக்கும்.

ஆனால் புத்தகமே இல்லாமல் போயிருந்தால்? வன்னியில் இது வெறும் பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லை. இடப்பெயர்வுகளில் கோயில்களோடு சேர்ந்து பதிவேடுகளும் அழிந்தன. என் தம்பியின் கலியாணத்துக்கு இதுதான் நடந்தது. ஒரு பங்கு அலுவலகத்தில், பத்திரம் இல்லாமல் ஒன்றும் செய்யேலாது என்று ஒரே வசனத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் வீட்டுக்கு வந்து, "அப்ப நான் கிறிஸ்தவனே இல்லையோ?" என்று கேட்டுக்கொண்டு திண்ணையில் இருந்தான். எங்கள் பங்குத்தந்தையிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. ஞானஸ்நானம் நடந்ததற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு சாட்சி சொன்னால் போதும் என்று திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. வளர்ந்த பிறகு ஞானஸ்நானம் பெற்றவர் என்றால் அவரே சத்தியம் செய்து சொல்லலாம்.

ஞானஸ்நானத்தில் தம்பிக்காக நின்ற ஞானத்தாய் வட்டக்கச்சியில் இருந்தார். பஸ் ஏறி, வெள்ளைச் சீலையோடு, கையில் செபமாலையோடு வந்தார். பாதர் மேசையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, எந்த வருடம், எந்தக் கோயில், எந்தப் பாதர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கிழவி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில், உங்களுக்கு வேறு ஏதும் ஞாபகம் இருக்கிறதா அம்மா என்று கேட்டார். "அண்டைக்கு மழை, சுவாமி. மெழுகுதிரி மூண்டு தரம் நூந்தது. நாலாம் தரம் நான் கையால மறைச்சுக்கொண்டு நிண்டனான்." சொல்லிவிட்டு வலது கையைக் குவித்துக் காட்டினார், இப்போதும் அந்தத் திரி எரிவதுபோல. பாதர் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைத் திருப்பி வைத்தார், கிழவி கைநடுக்கத்தோடு கையெழுத்துப் போட்டார். தம்பி அதன்பின் பத்திரத்தைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை.

ஆகவே உங்களுக்கும் பத்திரம் இல்லையென்றால், வெட்கப்பட்டு ஒதுங்காமல் பங்குத்தந்தையிடம் நேரே போய்ச் சொல்லுங்கள். ஞானப்பெற்றோர், ஞானஸ்நானத்தில் நின்ற உறவினர், அயலவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து வையுங்கள். வயதானவர்கள் என்றால் தாமதிக்க வேண்டாம். ஆயர் இல்லத்தோடு பேச வேண்டியதைப் பாதர் பார்த்துக்கொள்வார்.

பிள்ளை பிறந்திருக்கிறது, ஆனால் ஞானப்பெற்றோராக நிற்க இந்த ஊரில் யாரையும் தெரியாது என்று கவலைப்படுகிறவர்களுக்கு: இரண்டு பேர் கட்டாயமில்லை, ஒருவர் போதும். பதினாறு வயது முடிந்த, முதல்நன்மையும் உறுதிப்பூசுதலும் பெற்று விசுவாச வாழ்க்கை வாழ்கிற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்றோர் தாங்களே நிற்க முடியாது. சிஸ்டரிடம் சொன்னால் நல்ல ஒருவரைக் காட்டுவார். அப்படிக் கிடைத்த ஞானத்தாய் பிறகு சொந்தத் தாய் போல ஆகிவிட்ட வீடுகள் எங்கள் பங்கில் உண்டு.

அன்பியம்

பத்து இருபது வீடுகள் சேர்ந்து, கிழமைக்கு ஒருமுறையோ மாதத்துக்கு இருமுறையோ ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்லி, வேதாகமம் வாசித்துக் கதைக்கிறதுதான் அன்பியம். ஞாயிறு பூசையில் முந்நூறு பேருக்குள் ஒருவராக இருப்பீர்கள். அன்பியத்தில் நீங்கள் வராவிட்டால் அன்றைக்கே தெரியும். யாராவது ரெலிபோன் எடுப்பார்கள். என்னைக் கேட்டால், ஒரு புதுக் குடும்பம் இந்த மண்ணில் வேர்பிடிக்கிறது இங்கேதான். வேறொன்றுக்கும் நேரமில்லை என்றாலும் இதை விடாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வெளி மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் நல்ல மனதோடுதான், பழகுவதற்காக, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்பார்கள். வன்னியில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறுகிற தாய்மார் இருக்கிறார்கள். இருக்கிற பிள்ளைகளை எண்ணுவதா, 2009இல் சண்டையில் போன பிள்ளையைச் சேர்த்து எண்ணுவதா, இன்னும் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளையை எதில் சேர்ப்பது? முல்லைத்தீவுக் கரையில் 2004 மார்கழி (டிசம்பர்) 26, நத்தாருக்கு அடுத்த நாள், அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் கொண்டுபோனவர்களின் வீடுகளும் இருக்கின்றன. ஆகவே நீங்கள் கேட்க வேண்டாம். அவர்கள் சொல்லும்போது கேளுங்கள். ஆறுதல் சொல்லுகிறேன் என்று, எல்லாம் கடவுளின் சித்தம் என்ற வசனத்தையும் எடுக்க வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும். இறந்தவர்களை நினைக்கிற கார்த்திகை (நவம்பர்) 2ஆம் திகதி கல்லறைக்குப் போனால் பார்ப்பீர்கள், எங்கள் சேமக்காலையில் நடுவில் இருக்கிற பெரிய சிலுவையடியில்தான் அதிகம் மெழுகுதிரி எரியும். கல்லறை இல்லாதவர்களுக்காகக் கொளுத்துவது. ஒரு பெட்டி மெழுகுதிரி கூடக் கொண்டுபோங்கள். கையில் திரி இல்லாமல் நிற்கிற ஒருவருக்குக் கொடுக்கலாம்.

செபிக்க முடியாத இரவுகள்

புது இடத்தில் முதல் மாதங்களில் இரவுதான் கஷ்டம். லாம்பை நூத்த பிறகு கணக்குகள் வரும். வேலை நிலைக்குமா, பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடம் சரிவருமா, மழைக்குக் கூரை தாங்குமா. அந்த நேரத்தில் அழகான செபம் வராது. வராததால் விசுவாசம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 88ஆம் திருப்பாடலை ஒருமுறை வாசியுங்கள். இருட்டைத் தவிர வேறு துணை இல்லை என்று முடிகிற செபம் அது. அதற்குப் பிறகு ஒரு நம்பிக்கை வரிகூட இல்லை. அதையே திருச்சபை ஒவ்வொரு வெள்ளி இரவும் தன் இரவுச் செபத்தில் சொல்லுகிறது. கடவுளிடம் அப்படியும் கதைக்கலாம். மூன்று மாதம் கோபமாக இருந்த எனக்கு இது முதலே தெரிந்திருந்தால், கொட்டிலுக்குள் இருந்தே சண்டை பிடித்திருப்பேன், ஒதுங்கியிருக்கமாட்டேன்.

நான் செய்கிற வழி இது. இரவில் படுக்க முதல் நாளைய நாளுக்குரிய ஒன்றை மட்டும் கேட்பேன். அடுத்த மாதத்துக்கானதைக் கேட்கமாட்டேன். விவிலியத்தில் விடுதலைப் பயணம் 16ஆம் அதிகாரத்தில், பாலைவனத்தில் சனத்துக்கு உணவாக மன்னா பெய்தபோது, தலைக்கு ஒரு ஓமர் அளந்து அன்றன்றைக்கு எடுக்கச் சொன்னார் மோசே. நாளைக்கென்று எடுத்து வைத்தவர்களுடையது புழுத்து மணத்தது. நாற்பது வருடம் ஒரு சனத்தைக் கடவுள் பழக்கினது இப்படி, சுண்டு சுண்டாக. இயேசு கற்றுத்தந்த செபத்திலும் உணவைக் கேட்கிற இடத்தில் இன்று என்கிற சொல் இருக்கிறது. காலையில் எழும்பியவுடன், நேற்றுக் கேட்டதில் கிடைத்ததை ஒரு கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். "பக்கத்து வீட்டு அண்ணை கிணற்று வாளிக் கயிறு மாத்தித் தந்தார்." அவ்வளவுதான். கிடைக்காத நாளையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துத் திருப்பிப் பார்க்கும்போது, அதில் எத்தனை மனிதர்களின் பேர் இருக்கிறது என்று எண்ணுங்கள். என் கொப்பியில் இருபத்தேழு பேர் இருந்தார்கள். வந்த நாளில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

உதவியும் கடனும்

தேவை என்றால் கேளுங்கள். பங்கில் வின்சென்ட் டி போல் சபை இருந்தால் அவர்கள் இரண்டு பேராக வீட்டுக்கு வந்து சத்தமில்லாமல் பார்ப்பார்கள். 1833இல் பாரிசில் தொடங்கிய காலத்திலிருந்து அவர்களின் வழக்கம் இதுதான். பெரிய தேவை, வாழ்வாதாரம் போன்றவற்றுக்கு மன்னார்ப் பக்கம் கரித்தாஸ் வாழ்வுதயம், யாழ் மறைமாவட்டப் பக்கம் கரித்தாஸ் கியூடெக் என்ற திருச்சபைத் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. பங்குத்தந்தை வழியாகப் போவது சுலபம்.

நுண்கடன்காரர் படலைக்கு வருவார்கள். புதிதாக வந்த வீடு என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். ஐந்து பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் உடனே காசு, கிழமைக்குக் கிழமை தவணை. ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் கட்ட வேண்டும். இதனால் குடும்பங்கள் பிரிந்ததை, அன்பியமே இரண்டாகப் போனதை நான் பார்த்திருக்கிறேன். முதல் வருடத்தில் வேறொருவருக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள், அவர் கோயிலில் பக்கத்தில் இருக்கிறவராக இருந்தாலும். கடன் எடுக்கத்தான் வேணும் என்றால், எடுக்க முதல் பங்கில் விபரம் தெரிந்த ஒருவரிடம் தாளைக் காட்டி வட்டியைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டு வாசிக்காத தாளில் கையெழுத்துப் போடுவதை நான் விசுவாசம் என்று சொல்லமாட்டேன்.

ஒரு சின்ன வேலை

மூன்றாம் நாலாம் மாதத்தில் கோயிலில் ஒரு சின்ன வேலையை எடுங்கள். பாடகர் குழு, மறைக்கல்வி என்று உடனே பெரிய இடத்துக்குப் போகத் தேவையில்லை. சனிக்கிழமை கோயில் கூட்டுவது, பூ வைப்பது, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலத்தில் சிலுவைப்பாதைக்கு லைற் பிடிப்பது. உதவி வாங்கிக்கொண்டே இருக்கிறவருக்குத் தலை நிமிராது. கூட்டுமாறைப் பிடித்தவுடன் நிமிரும். பிள்ளைகளைப் பீடப்பணியாளராகச் சேர்த்துவிடுங்கள். அவர்களுக்கு ஒரு மாதத்தில் ஊர் முழுக்கச் சிநேகிதராகிவிடும், உங்களுக்குப் பிள்ளைகளின் வழியாகத் தாய்மார் பழக்கமாவார்கள்.

அயலில் சைவக் குடும்பங்கள்தான் கூடுதலாக இருக்கும். அவர்களும் அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்த வருவார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் பிரசாதம் உங்கள் வீட்டுக்கும் வரும். மரியாதையாக வாங்குங்கள், நத்தாருக்குப் பலகாரம் கொடுங்கள்.

மடு

முதல் ஆவணியிலேயே மடு மாதா கோயிலுக்குப் போய் வாருங்கள். ஆவணி (ஓகஸ்ட்) 15 பெருவிழா, ஆடி (யூலை) 2ஆம் திகதியும் விழா உண்டு. பெருவிழாச் சனத்துக்குள் கைக்குழந்தையோடு போக முடியாதவர்கள் சாதாரண நாளில் போகலாம். எனக்கென்னவோ அதுதான் பிடிக்கும். மடு றோட் புகையிரத நிலையத்தில் இறங்கியும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம். பங்கிலிருந்து நடந்து போகிறவர்களோடு சேர்ந்தால் பாய், தண்ணீர்ப் போத்தல், ரோர்ச், பழைய செருப்பு இவை போதும். புதுச் செருப்பு வேண்டாம், கால் கொப்பளிக்கும்.

போகும்போது அந்தச் சொரூபத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போங்கள். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர் துன்புறுத்தப்பட்டபோது, மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்து சேர்ந்த வருடம் 1670. அங்கே தொடங்கியது மடு. அதே சொரூபம் 2008 சித்திரையில் (ஏப்ரல்) சண்டை நெருங்கியபோது மறுபடியும் எடுத்துச் செல்லப்பட்டு, தேவன்பிட்டிக் கோயிலில் இருந்து, ஆவணியில் திரும்பி வந்தது. "மாதாவும் எங்களோட இடம்பெயர்ந்தவ" என்று எங்கள் சனம் சொல்வது அதைத்தான். புது இடத்துக்கு வந்து நிற்கிற எவருக்கும் மாதாவிடம் தங்கள் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. திரும்பும்போது கொஞ்சம் மடு மண் எடுத்து வருவது வழக்கம். எங்கள் வீட்டில் அது வாசல் நிலைக்கு மேலே ஒரு சிறு போத்தலில் இருக்கிறது.

காணிக்காகக் காத்திருக்கிறவர்கள் இரணைதீவுச் சனத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1992இல் தீவை விட்டு வெளியேறி, கரையில் இரணைமாதாநகரில் இருந்து, 2018 சித்திரை (ஏப்ரல்) 23ஆம் திகதி தாங்களே படகுகளில் ஏறிப் போய் இறங்கினார்கள். இறங்கியதும் கூடியது மாதா கோயிலில். இருபத்தாறு வருடம். அந்த இருபத்தாறு வருடமும் அவர்கள் கரையில் கோயில் கட்டி, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, கலியாணம் செய்து வைத்துத்தான் இருந்தார்கள்.

ஒக்டோபரில் மாதா வீட்டுக்கு வரும்போது

செபமாலை மாதத்தில் மாதா சொரூபத்தை அன்பியத்தில் வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு இரவு. உங்கள் வீட்டு முறை எப்போது என்று அன்பியப் பொறுப்பாளரிடம் முதலே கேட்டுக் குறித்து வையுங்கள். தறப்பாள் வீடு, தகரக் கொட்டில், சீமெந்து பூசாத சுவர் என்று யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரு மேசையோ கதிரையோ போட்டு வெள்ளைத் துணி விரியுங்கள். வளவில் இருக்கிற பூ போதும். இரண்டு மெழுகுதிரி, ஒரு நெருப்புப் பெட்டி, இருக்கப் பாய். பாய் காணாவிட்டால் அயலில் கேளுங்கள். செபமாலை முடிய வந்தவர்களுக்குப் பிளேன்ரீயும் கச்சானும் போதும். கடன் வாங்கிக் கேக் வெட்டுகிற பழக்கத்தை நீங்கள் தொடங்கிவைக்காதீர்கள், அடுத்த வீட்டுக்காரருக்கும் பாரம்.

அன்று இரவு எல்லோரும் போன பிறகு சொரூபம் உங்கள் வீட்டில் இருக்கும். பிள்ளைகளைப் படுக்கவிட்டு, ஒரு திரியை எரியவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள். கொப்பி எழுதுகிறவர்கள் அதை எடுத்து வாசியுங்கள். அடுத்த நாள் பின்னேரம் ஆறு மணிக்கு முதல் அடுத்த வீட்டுக்கு நீங்கள்தான் மாதாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மாரி தொடங்குகிற காலம், ஒழுங்கை சேறாக இருக்கும். ஒருவர் முன்னால் ரோர்ச் அடிக்கட்டும், ஒருவர் குடை பிடிக்கட்டும். குடை முதலில் மாதாவுக்கு.